நீலகிரிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் வீடு என்பதால், மார்ச் பிறந்தாலே உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையைவிட அவசரத்தால் நேர்பவை என்பது என் கருத்து. பதில்களைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

ஊட்டிக்கு எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாதங்களை முதல் சீசன் என்கிறோம். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். மே மாதத்தில் உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும். அவற்றுக்காகவே வருவதென்றால் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மலையை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளி விடுமுறையையும் தொடர் விடுமுறை நாட்களையும் விட்டுவிட்டு, பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ வார நாட்களில் வாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி படியும். புல்வெளி முழுக்க வெள்ளை விரித்தது போல் கிடக்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்பதால், அதைப் பார்க்க விடியற்காலையிலேயே எழ வேண்டும்.

கோடையில்தானே வருகிறோம், ஸ்வெட்டர் எதற்கு?

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். மே மாதத்திலும் பொழுது சாய்ந்தால் குளிரும். மழை பெய்தால் மதியத்திலேயே குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட, அடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய உடைகள் வசதி. பகலில் குளிர் தெரிவதால் வெயில் சுடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கருத்துவிடும். குழந்தைகளுக்குத் தொப்பி அவசியம்.

இ-பாஸ் என்கிறார்களே, அது எல்லோருக்கும் வேண்டுமா?

வெளியிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறவர்களுக்கு வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், வரும் நாள், தங்கும் இடம் முதலிய விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை.

இது வெறும் பதிவு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பே விதித்தது. விதிகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. ஆகவே அறை பதிவு செய்வதற்கு முன்பு பாஸ் நிலவரத்தைப் பாருங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, சரியாகக் கிடைக்காத சிக்னலில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களைச் சீசன் முழுக்கப் பார்க்கலாம். பின்னால் நிற்கும் வண்டிகளுக்கும் அது தொல்லை.

ஒரே நாளில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, பைக்காரா எல்லாம் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக. கிலோமீட்டர் கணக்கு மலையில் ஏமாற்றும். உதகையிலிருந்து குன்னூருக்கு 18 கிலோமீட்டர்தான், பைக்காராவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆனால் சீசனில் உதகை நகரின் சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டவே நெடுநேரம் ஆகும் நாட்கள் உண்டு. காலையில் பூங்கா, மதியம் தொட்டபெட்டா, மாலையில் டால்பின் மூக்கு என்று திட்டம் போட்டு வந்தவர்கள் மூன்று இடங்களிலும் பார்த்தது வாகன நிறுத்துமிடத்தைத்தான்.

மாவட்டத்தைத் திசைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதகை நகரம் ஒரு நாள். கூடலூர் சாலையில் புல்வெளிகள், பைக்காரா ஒரு நாள். குன்னூர், கோத்தகிரி ஒரு நாள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு திசையை விட்டுவிடுங்கள். விட்டுப்போன இடம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்களாமே?

ஆமாம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் உட்பட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருக்கிறது. சாவடிகளில் சோதனை செய்வார்கள். பறிமுதலும் உண்டு, அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். முக்கியமான இடங்களில் குடிநீர் ஏடிஎம் இயந்திரங்கள் இருக்கின்றன. நாணயம் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கண்ணாடி பாட்டில்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். சாலையோரத்தில் உடைத்துப் போட்ட மது பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் அந்தப் புண் ஆறுவது அரிது. அத்தனை எடையையும் அதே காலில் தாங்கித்தான் அது மேயப் போக வேண்டும். காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை 2022-இல் முதலில் நீலகிரியில் கொண்டுவந்ததற்குக் காரணமே இதுதான்.

மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. நேரில் வந்தால் கிடைக்குமா அக்கா?

சீசனில் அதை நம்பி வராதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குக் கிளம்பும் ரயிலில் பெட்டிகள் சிலவே. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். திறந்த நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் ரயில்களில் ஏறுங்கள். கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் அந்தப் பாதையும் அழகுதான். ஆனால் வேறுபாடு தெரிந்து ஏறுங்கள். பல்சக்கரத் தண்டவாளம் இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான்; 12 அடிக்கு 1 அடி உயரும் அந்த ஏற்றத்தில்தான் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சிறு குழந்தைகளுடன் வருகிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவைப்பதும் உண்டு.

பத்து வருடமாக சென்னையில் கார் ஓட்டுகிறேன். மலைப்பாதையில் என்ன பெரிய வித்தியாசம்?

ஏறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இறங்குவதில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே 50 கிலோமீட்டர் சாலையில் உயரம் 1,900 மீட்டர் அளவுக்கு மாறுகிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். வழியிலுள்ள பர்லியாறு கடைகளுக்கு எதிரே நிற்கும் வண்டிகளின் அருகே போனால் கருகிய வாடை அடிக்கும். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கை நீட்டினாலே சூடு தெரியும். பிரேக் தொடர்ந்து சூடேறினால் அதன் எண்ணெய் கொதித்து ஆவியாகிவிடும். அதன்பின் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கியர். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். தானியங்கி கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரை நிறுத்திவைக்கும் வசதி இருக்கும். கிளம்பும் முன் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வாடகை வண்டி ஓட்டுநர் அப்படிச் செய்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏறி வரும் வண்டிக்கே வழி. வளைவில் பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அது திரும்பி முடிக்கும்வரை முன்னாலேயே நின்றுவிடுங்கள். மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் பனியிலேயே வெளிச்சம் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணைத்தான் மறைக்கும். சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகக் கிட்டத்தில் காட்டுகிறதே, போலீஸ் ஏன் திருப்பி அனுப்புகிறது?

செல்பேசி வரைபடம் தூரத்தைத்தான் பார்க்கிறது, சரிவைப் பார்ப்பதில்லை. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; சரிவு மிகச் செங்குத்து. முந்தைய பதிலில் சொன்ன பிரேக் சூடேறும் சிக்கல் அங்கே பல மடங்கு. 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதிலிருந்து வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போங்கள். தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அதற்கேற்பக் காலையிலேயே கிளம்புங்கள். உள்ளூர்க்காரர் என்று சொல்லிப் பார்ப்பது, குறுக்குவழி கேட்பது எல்லாம் வேண்டாம்.

ராத்திரி கிளம்பி மைசூர் வழியாக பெங்களூர் போய்விடலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

முடியாது. முதுமலை, பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009 முதல் பந்திப்பூரில் இருக்கும் தடை இது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. 9 மணி என்பது சாவடியை அடையும் நேரமல்ல, காட்டைக் கடந்து முடித்திருக்க வேண்டிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதகையிலிருந்து மாலை 4 மணிக்குள் கிளம்புவது நல்லது. 8.45-க்குச் சாவடியைப் பிடித்துவிட்டு 9 மணிக்குள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று காட்டுக்குள் விரட்டும் வண்டிகளில்தான் மான்கள் அடிபடுகின்றன.

குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பாவம், பசியோடு இருக்கிறது.

காட்டில் அதற்கு உணவு இருக்கிறது. மனிதர்களிடம் வாங்கித் தின்று பழகிய குரங்கு சாலையை விட்டுப் போகாது. வண்டிச் சக்கரத்தில் மாட்டும். குட்டிக்கும் அதே பழக்கம் வரும். கொடுக்காதவர்களின் கையிலிருப்பதைப் பிடுங்கும், கடிக்கும். வன உயிரினங்களுக்கு உணவு கொடுத்தால் அபராதமும் விதிப்பார்கள். குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லும் அப்பா அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது: கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்தே காட்டுங்கள். தாய் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி தொங்குவதைப் பார்க்கவே அவர்களுக்குப் போதும்.

வழியில் யானையோ காட்டெருமையோ நின்றால் என்ன செய்வது?

யானை என்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை விட்டு விட்டு அடிக்க வேண்டாம், எஞ்சினை உறும விட வேண்டாம், யாரும் கீழே இறங்க வேண்டாம். அது போகட்டும். ஒன்று கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று வரக்கூடும். உங்களை நோக்கி வந்தால் மெல்லப் பின்னால் எடுங்கள். அதற்காகவே முன்வண்டியை ஒட்டி நிற்காமல் இடம் விட்டு நிற்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, குஞ்சப்பனைப் பகுதிகளில் யானைகள் பகலிலேயே சாலைக்கு வரும்.

காட்டெருமை வேறு மாதிரி. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது தெருவுக்கே வரும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் பாறை என்றுதான் தோன்றும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களைப் பார்த்தபின்தான் தெரியும். மாடு மாதிரிதானே இருக்கிறது என்று செல்பேசியை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறார்கள். ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு அது. திரும்பினால் ஓட நேரம் இருக்காது. அதன் பின்பக்கம் மதிலோ சரிவோ இருந்தால் இன்னும் ஆபத்து, வெளியேற வழி உங்கள் பக்கம்தான் இருக்கும். தேயிலைத் தோட்ட விடுதிகளில் தங்குகிறவர்கள் இருட்டிய பின்னும் விடிவதற்கு முன்னும் தனியே நடக்காதீர்கள். கரடியும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அது.

மசினகுடியில் ஜீப்பில் இரவு சஃபாரி கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?

வேண்டாம். முதுமலையில் சஃபாரி என்பது தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை காலையும் மாலையும் நடத்துவது மட்டுமே. இரவில் விளக்கடித்து விலங்குகளைத் தேடுவது சட்டத்துக்குப் புறம்பானது. பிடிபட்டால் பயணியும் மாட்டுவார். அந்தப் பகுதி யானைகளின் வழித்தடம் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு மூன்றே மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் எரியும் துணியை வீசியதில் காயப்பட்டு ஒரு யானை இறந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அருவியில் குளிக்கலாமா?

பார்க்கலாம், குளிக்க வேண்டாம். நீலகிரியின் அருவிகள் குற்றாலம் போலக் குளிப்பதற்கு அமைந்தவை அல்ல. பாறை வழுக்கும், ஆழம் தெரியாது, நீர் உறையும் குளிர். பைக்காரா போன்ற ஆறுகளில் அணைகள் இருக்கின்றன. மேலே எங்கோ பெய்த மழைக்கோ அணை திறப்புக்கோ வெயிலடிக்கும் நேரத்தில்கூட நீர் திடீரென்று உயரும்.

மழை எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள், ஆனால் ஊட்டியில் வெயில் அடிக்கிறதாம். கிளம்பலாமா?

எந்த மழை, எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் மேற்குச் சரிவில் கொட்டும்: கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது. அதே நேரத்தில் கோத்தகிரியில் தூறலோடு நின்றுவிடலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது நிலைமை தலைகீழ். குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் சாலை எல்லாம் அதன் வழியில் இருக்கின்றன. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே உதகையில் வெயில் என்பது ஒன்றையும் சொல்லாது. நீங்கள் ஏறி வரும் சாலை எந்தச் சரிவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் தள்ளிப்போடுங்கள். வந்து சேர்ந்தாலும் தொட்டபெட்டா, அவலாஞ்சி போன்ற இடங்களை அன்று மூடிவிடுவார்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால் விடுதியிலேயே இருங்கள். மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) காற்றில் வேரோடு சாயும்.

யாருமே போகாத இடமாக ஒன்று சொல்லுங்களேன். நாங்களே நடந்து போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. யாரும் போகாத இடம் என்று இங்கே இருப்பது பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக் கூடாது. நடக்க விருப்பமிருந்தால் அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவு செய்யுங்கள். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

புல்வெளியைப் பற்றி ஒரு வார்த்தை. பைன் மரக்காட்டில் படம் எடுக்கத்தான் எல்லோரும் போகிறார்கள். பைன், கற்பூரம், சீகை (வாட்டில் மரம்) எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்த மலையின் சொந்த முகம் மேட்டில் புல்வெளியும் மடிப்புகளில் சோலைக்காடும்தான். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்தான். பவானியில் கோடையிலும் நீர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கூடலூர் சாலையில் புல்வெளியைப் பார்த்ததும் காரை உள்ளே இறக்கிவிடாதீர்கள். சக்கரத் தடத்தில் மண் இறுகி, அடுத்த மழையில் அந்த வழியே அரித்துக்கொண்டு போகும்.

குறிஞ்சி பூத்திருக்கிறது என்று படம் வருகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றார்களே, 2018-இல்தானே பூத்தது?

இரண்டும் சரி. குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. நீலக்குறிஞ்சி என்று பெயர் பெற்ற வகைதான் 12 ஆண்டுக்கு ஒருமுறை பெருமளவில் பூப்பது. 2006, 2018-க்குப் பிறகு அடுத்தது 2030. நடுவில் அங்கங்கே பூப்பவை வேறு வகைகளாகவோ, கணக்குத் தப்பிய சில செடிகளாகவோ இருக்கும். எதுவானாலும் பறிக்காதீர்கள். ஒருமுறை பூத்து விதை விட்டுவிட்டுச் செடி இறந்துவிடும்; பூவைப் பறித்தால் அடுத்த தலைமுறைக்கு விதை இல்லை.

தோடர் மந்துக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

மந்து என்பது தோடர் பழங்குடி மக்கள் குடியிருக்கும் ஊர். உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர் கேமராவோடு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். கோயில்களை நெருங்காதீர்கள். அவற்றுக்கு அவர்களுக்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. எதையாவது வாங்க நினைத்தால் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த சால்வையை அவர்களிடமே வாங்குங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும், பேரம் பேசாதீர்கள்.

அறை பதிவு செய்துவிட்டோம், அந்த நாளுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. பணம் போனதுதானா?

போகவில்லை. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை என்று மேலே சொன்னேன். காரை மேட்டுப்பாளையத்தில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். உதகைக்கும் கோத்தகிரிக்கும் அடிக்கடி பேருந்து உண்டு. மேலே வந்தபின் உள்ளூர் வாடகை வண்டியோ ஆட்டோவோ எடுத்துக்கொள்ளலாம். இங்கேயே ஓட்டிப் பழகியவர் கையில் வண்டி இருக்கும். இறங்கும்போது கியரைப் பற்றிய கவலையும் உங்களுக்கு இல்லை. வேறொருவர் பெயரிலுள்ள பாஸையோ பழைய பாஸின் தேதியை மாற்றியோ காட்டிப் பார்க்காதீர்கள். சாவடியில் வண்டி எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

வயதானவர்கள் இருப்பதால் பேருந்து சரிவராது என்றால், விடுதியிடம் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள். ஞாயிறு மதியம் வந்து செவ்வாய் திரும்புவதாக மாற்றிக்கொண்டால் பாஸ் கிடைக்கும் வாய்ப்பும் கூடும், சாலையும் காலியாக இருக்கும்.